ஒரே காற்று, இரண்டு பதில்

படகுத்துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, என்னைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கதை சொல்லியிருப்பார்கள். டிக்கெட் எடுத்து ஏறி உட்கார்ந்த குடும்பத்தைக் காற்று சரியில்லை என்று இறக்கிவிட்டு, அதே மத்தியானம் அதே காற்றில் வேறொருத்திக்காகப் படகை எடுத்தவள் ஜெசி என்று. கதை உண்மைதான். ஆனால் அதை ‘ஐயோ பாவம், நல்ல வேலைக்காரி, புத்தி தடுமாறிப்போச்சு’ என்கிற குரலில் சொல்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆத்திரம். எனக்குப் புத்தி ஒன்றும் தடுமாறவில்லை. இப்போது ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறேன், யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. வேலையில் இருந்தபோதும் பெரிதாகப் பயந்ததில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

நம் அணை ஏரியை நீங்கள் இன்னும் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். டிக்கெட் கவுண்டரில் நின்று பார்த்தால் அது ஒரு சாதுவான தண்ணீர். துறைக்குப் பின்னால் ஒரு குன்று நிற்கிறது. எந்தக் காற்றையும் அது நம்மிடம் வரவிடாது. துறையில் ஒரு இலை அசையாது. கொஞ்சம் தள்ளி, பாறை நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனையைத் தாண்டினால்தான் ஏரி அகலமாக விரியும். எதிரே இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பிளவு. கோடை மழைக்கு முந்தைய காற்று அந்தப் பிளவு வழியாக வராது, விழும். வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாற்போல் விழும். விழுந்த இடத்திலிருந்து நாலு பக்கமும் ஓடும். படகு அப்போது எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது தப்பான பக்கம்.

இதனால்தான் நான் துறைப் பொறுப்பில் இருந்தவரை ஒரு பழக்கம் வைத்திருந்தேன். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை, ஆள் இல்லாமல் வெறும் படகு ஒன்று முனைவரை போய்வர வேண்டும். தண்ணீரில் முங்கிச் செத்த மரங்கள் அங்கே நிற்கின்றன அல்லவா, அவற்றில் உயரமான ஒன்றில் பழைய நைலான் சேலைத்துணி ஒன்றைக் கட்டியிருந்தோம். அது எப்படிப் பறக்கிறது என்று பார்த்துவந்து டிரைவர் என்னிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆளை ஏற்றிய படகு கட்டவிழும். ‘காற்றிடம் சம்மதம் கேட்கப் போறாங்க’ என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். டீசல் வீண் என்பார்கள். கைப்பேசியில் பார்த்தால் போதாதா என்று ஒருவர் பாடமே எடுத்தார். அந்தக் கைப்பேசி நாகர்கோவில் காற்றைச் சொல்லும். நாகர்கோவிலில் நாம் படகு விடவில்லை.

கேலி செய்தவர்களில் முதல் ஆள் எங்கள் டிரைவர் சேவியர். முட்டத்துக்காரன். விவரம் தெரிந்த நாளிலிருந்து கடலில் கிடந்தவன், கல்யாணமான பிறகு பெண்டாட்டி கடலுக்குப் போகக் கூடாது என்று அழுததால் நம்மிடம் வேலைக்கு வந்தான். வந்த புதிதில் ஏரியைப் பார்த்துச் சிரித்தான்.

“எக்கா, இது ஒரு கொளம். இதுக்குப் போயி துணியும் மண்ணாங்கட்டியுமா?”

“கொளம்னு நெனச்சு எறங்கு மக்கா. அது ஒன்ன என்ன நெனைக்குன்னு அது சொல்லும்” என்றேன்.

கடல்காரர்கள் எல்லாரும் இங்கே செய்கிற தப்பை அவனும் செய்தான். கடலில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே இடம் இருக்கும். அந்த இடைவெளியில் படகைத் திருப்பிவிடலாம். நம் ஏரியில் அலை சின்னது, ஆனால் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வரும். வெறும் படகோடு போன ஒரு நாள் அவன் இடைவெளி வரும் என்று நம்பித் திருப்பினான். இடைவெளி வரவில்லை. கழுத்துவரை நனைந்து, பாதிப் படகு தண்ணீரோடு திரும்பி வந்தான். பிறகு அவனே புதுத்துணி வாங்கி வந்து மரத்தில் கட்டினான்.

சரி, அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் முடிந்து பள்ளி விடுமுறை விட்டிருந்த சமயம். துறையில் திருவிழாக் கூட்டம். காலையில் காற்று பிரச்சினை செய்யவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு காண்ட்ராக்டர் குடும்பம் வந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார், இந்த வீட்டார், புகைப்படக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பெரிய படகையே நிறைத்துவிட்டார்கள். பெண் மஞ்சள் பட்டுப்பாவாடை கட்டி, உயிர்காக்கும் சட்டை படத்தில் விழக்கூடாது என்று அதை மடியில் வைத்திருந்தாள். ஏரி நடுவில், மலை பின்னால் தெரிய, எல்லாரும் ஒரு பக்கமாக நின்று படம் எடுக்க வேண்டுமாம். எல்லாரும் ஒரு பக்கமாக நின்றால் படகு சாயும்.

அந்த நேரத்தில் வெறும் படகோடு போயிருந்த சேவியர் திரும்பினான். கட்டுகிற கயிறைக்கூடப் போடாமல் கத்தினான்.

“எக்கா, துணி ஒரு பக்கமா நிக்கல்ல. சுத்துது. தொங்குது, பின்னயும் சுத்துது.”

நான் எதிர்ச்சரிவைப் பார்த்தேன். ரப்பர் தோட்டம் முழுவதும் இலைகள் புரண்டு வெளுத்த அடிப்பக்கத்தைக் காட்டின. துறையில் என் முந்தானை அசையவில்லை. வானத்தில் பாதி இன்னும் நீலமாகத்தான் இருந்தது. இந்த மாதிரி நேரத்தில்தான் ஆளை ஏமாற்றும்.

படகில் ஏறி நின்று, எல்லாரும் இறங்க வேண்டும் என்றேன். முதலில் சிரித்தார்கள். பிறகு காண்ட்ராக்டர் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. கௌரவம் பார்க்கிற மனிதர். சம்பந்தி வீட்டார் முன்னால் இறங்கச் சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை.

“மேடம், மேல பேசிட்டுத்தான் வந்திருக்கோம். வெயிலடிக்குது. எங்க இருக்கு காத்து?”

“அந்தப் பக்கம் இருக்கு சார். இஞ்ச வந்து நமக்குக் காட்டாது.”

அவர் யாருக்கோ போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. எங்கள் மேலாளர். ஒரே ஒரு சுற்று, சீக்கிரம் போய்விட்டு வந்துவிடட்டும், வேண்டாத ரகளை எதற்கு என்றார்.

“நீங்களும் வந்து ஏறுங்க சார்” என்றேன். “ஒங்க பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. நான் படகு தாரேன்.”

அவர் போனை வைத்துவிட்டார். நான் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போயிருந்தது. எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது. யாருக்குத்தான் ஒரு பெண்ணின் சந்தோஷத்தைக் கெடுக்கப் பிடிக்கும்? ஆனால் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காகச் சாவியைக் கொடுக்க முடியாது.

அவர்கள் துறையில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோதே மறுபடி போன் அடித்தது. ராஜன். அக்கரை எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவன். அங்கே ஒரு பாறைமேல் ஏறினால்தான் அவனுக்குச் சிக்னல் கிடைக்கும்.

“எக்கா, பாக்கியத்த அணலி கடிச்சிற்று. சுள்ளி பெறக்கப் போன எடத்துல. காலு வீங்கிட்டே வருது. ஜீப்பு கீழ போயிருக்கு, வர சாயங்காலம் ஆவும். படக அனுப்புங்கக்கா.”

பாக்கியம் அவன் மனைவி. அணலி என்றால் கண்ணாடி விரியன், அதன் விஷம் ரத்தத்தைக் கெடுக்கும். நேரம் போகப் போக ஆளை இழுக்கும். அக்கரையிலிருந்து காட்டுச் சாலை மலையைச் சுற்றி வருகிறது. ஜீப் இருந்தாலே பொழுது சாய்ந்துவிடும். தண்ணீர் வழியாக வந்தால் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு வேகமாகப் போய்விடலாம்.

“அவள நடக்க விடாத. கயிறு கட்டாத, கீறாத. தூக்கிட்டு கரைக்கு வா” என்றேன்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். போனை வைத்ததும் நான் மறுபடியும் மலையைப் பார்த்தேன். இலைகள் இன்னும் வெளுத்துத்தான் இருந்தன. காற்று எனக்காக மனம் மாறவில்லை. அது கொஞ்சம் குறைந்தாற்போல் இருக்கிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. போக வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் கண்ணுக்குக் காற்று எப்போதும் குறைந்தாற்போலத் தெரியும். அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டு கிளம்புகிறவன் எச்சரிக்கை இல்லாமல் கிளம்புவான். மோசம் என்று தெரிந்து கிளம்பினால்தான் மோசத்துக்குத் தகுந்தபடி கிளம்புவோம்.

பெரிய படகை விட்டுவிட்டுச் சின்னதை எடுத்தோம். கூரையைக் கழற்றினோம், காற்று பிடிக்க இடம் கொடுக்கக் கூடாது. சேவியரும் நானும் மட்டும். நான் எதற்கு என்று அவன் கேட்டான்.

“கோடையில தண்ணி வத்துன நேரத்துல செத்த மரம் எங்கெங்க நிக்குன்னு பாத்தவ நான். நீ கடலப் பாத்துட்டு இருந்த. எடு படக.”

பின்னால் காண்ட்ராக்டரின் குரல் கேட்டது. “எங்களுக்குத்தான் காத்தா? இப்பம் காத்து இல்லியா?”

நான் கயிற்றை அவிழ்த்தேன். அப்போது அவரோடு பேசுவதற்கு எனக்கு நேரம் இல்லை.

முனையைத் தாண்டியதும் சேவியர் நேராகக் குறுக்கே விடப் பார்த்தான். அவன் மேல் தப்பில்லை, ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் நேர்வழிதான் தோன்றும். நான் அவன் தோளைப் பிடித்தேன்.

“எடப்பக்க மலைய ஒட்டிப் போ.”

“எக்கா, அங்க முழுக்க செத்த மரத்துக் கட்டை. படகு அடிவயிறு கிழிஞ்சிரும்.”

“கட்டை எங்க நிக்குன்னு நான் சொல்லுகேன். காத்து எங்க விழும்னு ஒனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. பைய போ.”

கரையை ஒட்டி, நான் முன்னால் குனிந்து கை காட்ட, அவன் கையைப் பார்த்து ஓட்ட, சுற்றி வளைத்துப் போனோம். வழியில் ஏரி நடுவில் காற்று விழுந்ததைப் பார்த்தேன். தண்ணீர் ஒரு வட்டமாகக் கறுத்து, பிறகு நாலு பக்கமும் வெள்ளையாக ஓடிற்று. நேர்வழியில் போயிருந்தால் நாங்கள் சரியாக அந்த இடத்தில் இருந்திருப்போம். சேவியர் சிலுவை போட்டுக்கொண்டான்.

அக்கரையில் ராஜன் பாக்கியத்தைத் தோளில் போட்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றான். அவள் கால் முழங்கால்வரை வீங்கி மினுமினுத்தது. ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. அவளை என் மடியில் கிடத்தினேன். உயிர்காக்கும் சட்டையை மாட்டும்போது ‘எக்கா, நான் பொழைப்பேனா?’ என்று கேட்டாள். பொழைப்பாய் என்றேன். அதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பொய் யாரையும் மூழ்கடிக்காது.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில், மலை கொஞ்சம் உள்வாங்கியிருக்கும் ஒரு மடியில் படகை நிறுத்தச் சொன்னேன். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. ராஜன் எழுந்து நின்றுவிட்டான்.

“என்னத்துக்கு நிறுத்துதிய? அவ சாவா! போ லே, போ!”

சேவியர் என்னைப் பார்த்தான். அவனுக்கும் போகத்தான் ஆசை.

“இரி ராஜா. எழும்பினா நாலு பேரும் முங்குவோம்” என்றேன். “காத்து விழுந்து முடியட்டு. முடிஞ்சதும் ஒரு மூச்சு விடும். அப்பம் போவோம்.”

இருபத்தேழு வருட வேலையில் நான் எடுத்த முடிவுகளில் அதுதான் பெரியது. குடும்பத்தை இறக்கியதும் இல்லை, படகை எடுத்ததும் இல்லை. மடியில் ஒருத்தி ரத்தம் துப்பிக்கொண்டிருக்க, அவள் புருஷன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்ட, ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். ‘ஆண்டவரே, சீக்கிரம் அடிச்சுத் தீத்துரும்’ என்று உரக்கவே ஜெபம் பண்ணினேன். காற்று என் ஜெபத்துக்கு நின்றதா, தன் பாட்டுக்கு நின்றதா, தெரியவில்லை. நுரை அடங்கி, தண்ணீர் வெறும் நெளிவாக மாறியது. ‘இப்பம்’ என்றேன். சேவியர் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஏரிக்காரனைப் போல ஓட்டினான். இடைவெளி எதையும் எதிர்பார்க்காமல், திருப்பாமல், ஒரே கோடாக.

துறைக்கு வந்தால், கிளம்புமுன் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் இன்னும் மலையேறவில்லை. அந்தக் குடும்பம் மழைக்கு ஒதுங்கி அங்கேயே நின்றிருந்தது. நான் நேராகக் காண்ட்ராக்டரிடம் போனேன்.

“சார், வண்டி எடுங்க.”

அவர் என்னைப் பார்த்தார், ராஜன் தோளில் கிடந்தவளைப் பார்த்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நான் அவருக்கு எதைத் தரமாட்டேன் என்றேனோ அதை இப்போது அவரிடம் கேட்கிறேன் என்று எனக்கும் தெரியும். கேட்கக் கூச்சப்படவில்லை. அவர் மகள்தான் முதலில் ஓடிப்போய்க் கார்க் கதவைத் திறந்தாள். அவர் தானே ஓட்டினார். மலைப்பாதையில் எப்படி ஓட்டினார் என்று ராஜன் பிறகு சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான். பாக்கியம் பிழைத்தாள், ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, கால் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிற மாதிரி ஆனது, ஆனால் பிழைத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் அதே காண்ட்ராக்டர் என்மீது புகார் கொடுத்தார். காரைக் கொடுத்ததும் அவர்தான், புகார் கொடுத்ததும் அவர்தான். இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆளின் உயிர் வேறு, சம்பந்திமுன் போன மானம் வேறு.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேலாளரும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி நல்ல தன்மையானவர். டீ வரவழைத்துக் கொடுத்துத்தான் ஆரம்பித்தார்.

“ஒரே நேரம், ஒரே ஏரி. காற்று நல்லா இருந்துச்சா, மோசமா இருந்துச்சா? நல்லா இருந்துச்சுன்னா அவங்கள ஏன் இறக்கினீங்க? மோசம்னா நீங்க ஏன் போனீங்க? ரெண்டுல ஒண்ணு தப்புத்தானே?”

நான் யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மேலாளர் எனக்கு உதவ வந்தார். அவர் மனசார உதவத்தான் வந்தார், அதையும் சொல்ல வேண்டும்.

“ஜெசி, காத்து அவ்வளவு மோசமில்ல, நான் கொஞ்சம் ஜாஸ்தி பயந்துட்டேன்னு சொல்லுங்க. படகு எடுத்ததுல ஒரு குத்தமும் வராது. அவங்கள இறக்கினதுக்கு ஒரு வருத்தம் தெரிவிச்சா போதும். இன்னிக்கே முடிஞ்சிரும், உங்க இடத்துலயே இருக்கலாம்.”

எவ்வளவு சுலபம் பாருங்கள். ஒரு வாக்கியம். யாருக்கும் நஷ்டமில்லை என்பதுபோல் தெரியும். ஆனால் அந்த வாக்கியம் அந்த அறையோடு நிற்காது. அடுத்த கோடையில் இலை வெளுத்து நிற்கும் ஒரு மத்தியானம், என் இடத்தில் நிற்கிற ஆளிடம் போனில் சொல்வார்கள்: ‘போன வருஷம் இதே மாதிரிக் காற்றில்தான் படகு போச்சு, மோசமில்லேன்னு ஜெசியே ஒத்துக்கிட்டாங்க, ஏத்துங்க’ என்று. அவர் ஏற்றுவார். பெரிய படகு, கூரையோடு, நிறைய ஆட்கள், படம் எடுக்க எல்லாரும் ஒரு பக்கமாக.

“காத்து மோசம் சார்” என்றேன். “மோசம்னுதான் அவங்கள எறக்கினேன். மோசம்னு தெரிஞ்சுதான் போனேன்.”

“அப்போ போனது தப்புன்னு ஒத்துக்கறீங்க.”

“காத்து மோசம்னு ஒத்துக்கறேன் சார். படம் எடுக்க அந்தக் காத்துல ஆளக் கொண்டு போவ மாட்டேன். சாவக் கெடக்கவளுக்குப் போவேன். நாளைக்கும் போவேன்.”

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, இதனால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

என்ன ஆகும் என்று நினைத்தேனோ அது ஆயிற்று. கடற்கரைப் பக்கம் ஒரு கவுண்டரில் உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால், காற்றே படாமல், ஓய்வு பெறுகிறவரைக்கும் அங்கேதான். மனசு வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அந்த ஏரியை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனாலும் ஒருநாள்கூட அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியதில்லை.

உங்களையும் ஒரு நாள் டீ கொடுத்து உட்கார வைப்பார்கள். காற்று எப்படி இருந்தது என்று கேட்பார்கள். எப்படி இருந்ததோ அப்படியே சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் பதிலை நம்பி உங்களுக்குத் தெரியாத யாரோ ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படகில் ஏறுவார்.